இருபதுக்குப் பூஜ்யம்

பந்து வளையத்தின் விளிம்பில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. விழுந்துவிடக் கூடாது என்று வினிதா வேண்டிக்கொண்டாள். சங்கரன்கோவில் கோமதியம்மனை நினைத்துத்தான் வேண்டினாள். பந்து இன்னும் அரைச் சுற்றுப் போய், யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்று, உள்ளே விழுந்தது.

மேசையில் இருந்தவர் ஹாரனை அழுத்தினார். நாற்பத்தொன்றுக்கு நாற்பது. ஆட்டம் முடிந்தது.

பெண்கள் ஓடி வந்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் குருமூர்த்தி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டி வந்து, வினிதாவை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். வியர்வையும் தலையெண்ணெயும் கலந்த வாடையில் அவளுக்கு மூச்சு முட்டியது. கடைசிப் பந்தைப் போட்ட அணித் தலைவி சுப்ரியா அவள் தோளில் முகத்தை வைத்து அழுத்தினாள்.

"மிஸ், ஃபைனல் மிஸ்! ஸ்டேட் ஃபைனல்!"

"ஏய், மிஸ் அழுவுறாங்கடி."

"பின்ன? நாம ஜெயிச்சா அவங்க அழாம வேற யாரு அழுவா? நீதான் கல்லு மாதிரி நிக்கிறே."

வினிதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இறுதிப் போட்டி மறுநாள் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு, இதே ஓசூர் மைதானத்தில். அதே வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கிருஷ்ணகிரியில் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு. நடுவில் ஐம்பது கிலோமீட்டர். பெண்கள் திங்கட்கிழமையே தோற்றிருக்க வேண்டியவர்கள். செவ்வாய்க்கிழமை தோற்பார்கள் என்று குருமூர்த்தியே சொன்னார். இன்று எதிரே ஆடியது, ஆளுக்கு இரண்டு ஜோடி ஷூ வைத்திருந்த தனியார் பள்ளி. அதையும் ஜெயித்துவிட்டார்கள்.

வினிதா சூளகிரிப் பக்கத்து அரசு மகளிர் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கூடைப்பந்தை ஒருமுறைகூடக் கையில் தொட்டதில்லை. மாணவியர் அணி வெளியே போனால் கூடவே ஒரு பெண் ஆசிரியை போக வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் அவர் புள்ளி எழுதும் ஆட்டத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்டம் முடியும்வரை அணியின் நாற்காலியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எதிரணி புகார் கொடுக்கலாம். கொடுத்தால் ஆட்டம் போய்விடும். மூன்று வருடத்துக்கு முன்னால், வழக்கமாகப் போகும் தமிழாசிரியை பிரசவ விடுப்பில் இருந்தார். ஒரே ஒரு நாள் நீங்கள் போய்வாருங்கள் என்றார் தலைமையாசிரியர். உங்களுக்குத்தான் குடும்பம் இங்கே இல்லையே என்று காரணமும் சொன்னார். வினிதா போனாள். மறு வருடம் அலுவலகத்துச் சரோஜம்மாள் பழைய படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு புதுப் படிவத்தை நிரப்பினார். அதற்கடுத்த வருடமும் அப்படியே. அந்தக் கட்டத்தில் ம. வினிதா என்ற பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழாசிரியையின் குழந்தை இப்போது பால்வாடிக்குப் போகிறது.

குடும்பம் சங்கரன்கோவிலில் இருந்தது. வேலைக்கான ஆணை ஓசூர்ப் பக்கம் என்று வந்தபோது இரண்டு வருடம்தானே என்றார்கள். பதினோரு வருடம் ஆகிவிட்டது. அவளுக்கு ஓசூர் பாகலூர் சாலையில் மாடியில் ஒரே அறை. எதிரே இரும்புத் தகடு வெட்டும் பட்டறை. தகடு வெட்டும்போதெல்லாம் அவளுடைய பாத்திரங்கள் அலமாரியில் நடுங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறி, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஊருக்குப் போவாள். ஞாயிறு மாலை கிளம்பி, திங்கட்கிழமை காலை ஓசூரில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் சூளகிரி போய் முதல் பீரியட் எடுப்பாள். கணவன் பிரதாப் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மகன் ஹரீஷ்குமாருக்கு எட்டு வயது. அப்பாவை நீ, வா என்பான். அவளை நீங்க, வாங்க என்பான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்துபோகிறவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று அவனாகவே தெரிந்துகொண்டிருந்தான்.

கலந்தாய்வுக்கு இதற்கு முன் நான்கு முறை போயிருக்கிறாள். ஒருமுறை, சங்கரன்கோவில் இருக்கும் தென்காசி மாவட்டத்தில் இடமே இல்லை. ஒருமுறை வரிசையில் அவளுக்கு நேர் முன்னால் நின்ற ஒருவர், மிச்சமிருந்த ஒரே இடத்தை எடுத்துக்கொண்டார். அவர் திரும்பி வரும்போது மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்ததை வினிதா இன்னும் மறக்கவில்லை. ஒருமுறை ஊரடங்கு. ஒருமுறை வழக்கு. இந்த வருடக் கலந்தாய்வும் மே மாதத்திலிருந்து தள்ளித் தள்ளி ஜனவரிக்கு வந்திருந்தது. இந்த முறை வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டரில் ஓர் அறிவியல் இடம் காலி. பிரதாப் வண்டியில் போய்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து, கேட்டைப் படம் எடுத்து அனுப்பினான். கேட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தது. அவளுடைய முன்னுரிமை எண் நாற்பத்தொன்று. அழைக்கும்போது ஆள் அங்கே நிற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

புதன்கிழமை மாலை அவள் குருமூர்த்தியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கா?" என்றார். தொங்கிக்கொண்டிருந்த விசிலை எடுத்து வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார். "இன்னா மிஸ் இது, இப்ப வந்து சொல்றீங்க?"

"திங்கக்கெழம தோத்துருவாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. தோக்கணும்னா சொன்னேன்?"

இருவரும் மைதானத்து ஓரத்தில் நின்று பள்ளியிலிருந்த மற்றப் பெண் ஆசிரியைகள் ஐந்து பேருக்கும் போன் செய்தார்கள். ஒருவருக்கு அவளைப் போலவே நாளைக்குக் கலந்தாய்வு. ஒருவருக்கு மாமியார் ஆஸ்பத்திரியில். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார், சொல்லவில்லை. தமிழாசிரியை, "அய்யோ வினிதா, பால்வாடி ஆண்டு விழாப்பா, எங்க பாப்பா முயல் வேஷம் போடுது" என்றார்.

கடைசியில் தலைமையாசிரியர். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர்.

"உங்க நம்பர் நாப்பத்தொண்ணுதானேம்மா? ஆளுக்கு அஞ்சு நிமிஷம் வெச்சாலும் ஒரு மணிக்கு மேலதான் வரும். ஒன்பதரைக்கு மேட்ச். பதினொண்ணுக்கு முடிஞ்சிரும். பஸ் ஏறினா பன்னெண்டேகாலுக்குக் கிருஷ்ணகிரி. சாப்புட்டுட்டே போலாம். இதுக்கு எதுக்கு பதட்டம்?"

கணக்கில் தவறு எதுவும் இல்லை. வினிதா போனை வைத்தாள்.

அணிகளுக்கு மைதானத்தை ஒட்டிய பள்ளியின் வகுப்பறைகளில் இடம். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, ஜமுக்காளம் விரித்து, பெண்கள் ஈரச் சாக்ஸைக் கரும்பலகை விளிம்பில் காயப் போட்டிருந்தார்கள். ஓசூர்க் குளிர் ஜன்னல் வழியாக வந்தது. சுப்ரியா கணுக்காலுக்கு மருந்து தேய்த்துக்கொண்டே வினிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்பா செல்வம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார்.

"மிஸ், ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்தா கோயம்புத்தூர்ல ஒரு ஸ்கூல்ல ப்ளஸ் ஒன்னுக்குக் கூப்புடுறாங்களாம். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஃப்ரீயாம். குருமூர்த்தி சார் சொன்னாரு."

"உங்க அப்பா விடுவாரா?"

"ஃபர்ஸ்ட் வந்தா விடறேன்னு சொல்லிட்டாரு. இல்லன்னா இங்கயே பன்னெண்டு முடிச்சிட்டு கம்பெனி. எங்க லைன் வீட்டுல எல்லா அக்காவும் கம்பெனி பஸ்லதான் போறாங்க."

"செகண்ட் வந்தா?"

சுப்ரியா சிரித்தாள். "செகண்ட் வந்தா செகண்ட்தான் மிஸ்."

கலந்தாய்வைப் பற்றி வினிதா அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரும்போது அணியில் இன்னொருத்தியான அனிதா வந்து, ஊதிப்போன கட்டை விரலைக் காட்டி வலிக்கிறது என்றாள்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு இரண்டு அணிகளும் வரிசையில் நின்றன. பாண்டு வாத்தியக்காரர்கள் நின்றார்கள். சால்வைத் தட்டோடு இரண்டு மாணவிகள் நின்றார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. பத்து மணிக்கு, அத்திப்பள்ளி தாண்டிவிட்டார் என்றார்கள். பத்தேகாலுக்கும் அத்திப்பள்ளி தாண்டிவிட்டார் என்றார்கள். வினிதா அமைப்பாளர்களின் மேசைக்குப் போனாள்.

"ஆட்டத்தை ஆரம்பிச்சிரலாமே சார்? அவங்க வந்து பரிசு குடுக்கட்டும்."

"எப்படி மேடம்? பந்தைத் தூக்கிப் போடறதே அவருதான். பேனர்லயே போட்டிருக்கு பாருங்க."

பத்தே முக்காலுக்கு மணிவேல் போன் செய்தார். ஊத்தங்கரையில் வேலை பார்க்கும் அறிவியல் ஆசிரியர், முன்னுரிமை எண் இருபத்தெட்டு. போன கலந்தாய்வில் ஒன்றாகக் காத்திருந்த பழக்கம்.

"மேடம், எங்க இருக்கீங்க? பதினாலாம் நம்பர் ஓடிட்டிருக்கு. ரொம்ப வேகமா போவுது. பாதிப் பேரு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க. ஒரு மணின்னு நெனச்சிட்டு இருக்காதீங்க. பன்னெண்டரைக்கு முன்னாலயே உங்க நம்பர் வந்துரும்."

"தென்காசி இருக்கா சார்?"

"உங்க எடம் இருக்கு. உங்களுக்கு முன்னால தென்காசிக்காரங்க மூணு பேரு இருக்காங்க. அவங்க டவுன் பக்கம்தான் கேக்கறாங்க. நீங்க மொதல்ல வாங்க."

கட்டடத்துக்குப் பின்னால் குழாயடியில் வெள்ளையம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அனிதாவின் அம்மா. சூளகிரிக்கு அப்பால் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போடுகிறவர். பத்துப் பேருக்கும் எலுமிச்சைச் சாதம் கிண்டி, தூக்குப் பாத்திரத்தோடு முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

"இன்னா மிஸ், மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்குது?"

வினிதா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளையம்மா கையை உதறிவிட்டு எழுந்தார்.

"நாக்காலில குந்தணும். வாயைத் தொறக்கக் கூடாது. அவ்ளோதானே மிஸ்?"

"அது தப்பும்மா. கண்டுபிடிச்சாங்கன்னா—"

"யாரு கண்டுபுடிக்கறது? இங்க யாருக்கு யாரைத் தெரியுது? தக்காளிக் காவலுக்குப் பொழுதெல்லாம் குந்திக்கிறேன், ஒரு மணி நேரம் குந்த மாட்டேனா? நீங்க புள்ளையப் பாக்கப் போங்க மிஸ்."

புள்ளையப் பார்க்க என்ற சொல்லைக் கேட்டதும் வினிதா வகுப்பறைக்குப் போய்த் தன் பையை எடுத்துவந்தாள்.

கழிப்பறைக்குள் வைத்துத் தன்னுடைய மாற்றுப் புடவையை அவருக்குக் கட்டிவிட்டாள். மடிப்புக்கு மடிப்பு ஊக்குக் குத்தினாள். "இப்பிடி இறுக்குனா மூச்சு உடறது எப்பிடிங்க?" என்றார் வெள்ளையம்மா. அடையாள அட்டையைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள். அதில் இருந்த படம் பதினோரு வருடத்துக்கு முந்தையது. அது இருவருடைய முகத்தையும் போல இல்லை.

ஆட்டத்தாளில் கையெழுத்தை வினிதா போட்டாள். குருமூர்த்தி பேனாவை வாங்கி மூடினார்.

"நான் ஷூ லேஸ் கட்டிட்டிருந்தேன் மிஸ்" என்றார். "எதையும் பாக்கல."

அனிதா அம்மாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, இன்னா கோலம் இது?"

"மிஸ்ஸுன்னு கூப்புடுடி."

எல்லோரும் சிரித்தார்கள். சுப்ரியா மட்டும் வினிதாவைப் பார்த்தாள்.

"நீங்க எங்க மிஸ் போறீங்க?"

"கிருஷ்ணகிரிக்கு. எங்க ஊருக்கு மாறுதல் கேக்கப் போறேன்."

சுப்ரியா கொஞ்ச நேரம் பந்தைத் தரையில் தட்டினாள். "ஜெயிச்சதும் போன் பண்றேன் மிஸ். எடுங்க."

பதினொன்று ஐந்துக்குச் சேலம் பஸ் கிடைத்தது. ஜன்னலோர இருக்கையும் கிடைத்தது. இந்தப் பாதையில் சூளகிரி வரை அவளுக்கு ஒவ்வொரு வேகத்தடையும் தெரியும். பேரண்டப்பள்ளியில் லாரிகள் நிற்கும் இடம், புதுத் தொழிற்பேட்டைக்காகக் குன்றை வெட்டி எடுத்த சிவப்பு மண், ரோஜாத் தோட்டங்களின் வெள்ளைக் கூடாரங்கள். சூளகிரிக்கு மேல் போகிற பாதையை ஊர் பஸ்ஸில் இருட்டில் கடந்திருக்கிறாள், பகலில் சரியாகத் தெரியாது. பதினோரு வருடமாகப் பாதி வழியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு மணிவேலின் போன் வந்தது. "இருபத்தஞ்சு மேடம். என்னுது இப்ப வந்துரும்."

வைத்த மறு நிமிடம் குருமூர்த்தி.

"மிஸ், எங்க இருக்கீங்க?"

"சூளகிரி வரப்போகுது சார். என்னாச்சு?"

"எல்லாம் போச்சு மிஸ். நீங்க போனதுமே அந்த விருந்தாளி வந்து ஆட்டத்தை ஆரம்பிச்சிட்டாங்க. பத்தொன்பதுக்குப் பன்னெண்டு, நாமதான் முன்னால. ரெண்டாவது பாதிக்குக்கூட வரல. அனிதாவை ஒரு புள்ள இடிச்சிட்டா. கீழ உழுந்துட்டா. அந்தம்மா நாக்காலியைத் தள்ளிட்டு உள்ள ஓடியாந்திருச்சு. எம் பொண்ணை எவடி தள்ளுனதுன்னு கேட்டுட்டு நிக்குது, உங்க அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு. நடுவர், நீங்க யாரும்மான்னு கேட்டாரு. நான் அவளைப் பெத்தவன்னு சொல்லிருச்சு."

பின்னால் கூச்சல் கேட்டது. வெள்ளையம்மாவின் குரல் தனியாகத் தெரிந்தது. அவர் இன்னும் யாரிடமோ நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதிர் டீம் புகார் எழுதிக் குடுத்துட்டாங்க. நான் காலைப் புடிக்காத குறையாக் கேட்டேன். மிஸ் மருந்து வாங்க வெளிய போயிருக்காங்கன்னு சொல்லிட்டேன். அரை மணி நேரம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள நீங்க வந்து உக்காந்தா ஆட்டம் நடக்கும். சூளகிரில இறங்கிக்கங்க மிஸ். அங்க டாக்ஸி நிக்கும். இருபத்தஞ்சு நிமிஷத்துல வந்துரலாம். மிஸ்? கேக்குதா?"

"கேக்குது சார்."

"புள்ளைங்க எல்லாம் கோர்ட்லயே குந்திக்கிட்டு இருக்குதுங்க மிஸ்."

பஸ் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிச் சூளகிரி நிறுத்தத்தில் நின்றது. "சூளகிரி எறங்கறவங்க எல்லாம் வாங்க" என்றார் நடத்துநர். வினிதா எழுந்துவிட்டாள். எழுந்தது இறங்குவதற்கா, பதினோரு வருடப் பழக்கத்தாலா என்பது அவளுக்கே தெரியவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்து இரண்டு இருக்கை முன்னால் வந்தாள். படிக்கட்டுக்கு எதிரே சாலையில் இரண்டு வெள்ளை டாக்ஸிகள் நின்றன. ஒரு ஓட்டுநர் கதவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். ஆறு பேர் இறங்கினார்கள். ஒன்பது பேர் ஏறினார்கள். அவளுக்கு முன்னால் படி காலியாக இருந்தது.

"எறங்குங்கம்மா" என்றார் நடத்துநர்.

வினிதா நின்றாள்.

"எறங்கலியா?"

"இல்ல. கிருஷ்ணகிரி."

"பின்ன எதுக்கு எந்திரிச்சீங்க? டிக்கெட் எடுத்தீங்கதானே? ரைட், ரைட்."

பஸ் கிளம்பியது. அவள் திரும்பிப் பார்த்தபோது ஜன்னலோர இருக்கையில் முட்டைகோஸ் மூட்டையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவள் பார்ப்பதைப் பார்த்து, "நீங்க எறங்கிட்டீங்கன்னு குந்திட்டேன்" என்றார். எழுந்துகொள்ளவில்லை. வினிதா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டே போனாள். டாக்ஸி கிடைத்தாலும் அந்தப் பேரண்டப்பள்ளி நெரிசலில் இருபத்தைந்து நிமிடத்தில் போயிருக்க முடியாது என்று ஒருமுறை நினைத்தாள். வரும்போது அங்கே நெரிசல் இல்லை. அதுவும் நினைவுக்கு வந்தது.

கலந்தாய்வு நடந்த பள்ளியில் கூட்டம் குறைந்திருந்தது. மணிவேல் வாசலில் நின்றார். அவருக்குத் திருவண்ணாமலைப் பக்கம் கிடைத்துவிட்டது. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், ஆனாலும் போகாமல் இருந்தார்.

"முப்பத்தெட்டு மேடம். ஓடுங்க. எதுக்கு போனை ஆஃப் பண்ணி வெச்சிங்க?"

முப்பத்தொன்பது வேண்டாம் என்றார். நாற்பது வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டார்கள். நாற்பதாவது ஆள் எங்கே, எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரோ என்று வினிதாவுக்குத் தோன்றியது. அடுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். திரையில் அந்த ஊரின் பெயர் இருந்தது. அதைக் காட்டினாள். கணினியில் இருந்த பெண், "உறுதியாங்க? அப்புறம் மாத்த முடியாது" என்றார்.

"உறுதி."

அச்சடித்து வந்த தாள் சூடாக இருந்தது. அவள் வெளியே வந்து மணிவேலிடம் கொடுத்தாள். அவர் முழுவதும் படித்தார். ஆணைகளை முழுவதும் படிக்கிறவர்.

"கெடச்சிருச்சு மேடம்! ஆனா இதப் பாத்தீங்களா? என்னுதுலயும் இதான் போட்டிருக்கு. பதிலி ஆசிரியர் வந்து சேரும் வரை, அல்லது கல்வியாண்டு முடியும் வரை பணிவிடுவிப்புச் செய்யக் கூடாதுன்னு. சூளகிரிக்கு யாரு பதிலி வரப்போறாங்க? ஏப்ரல் கடைசிதான். போவட்டும், மூணு மாசம்தானே?"

"மூணு மாசம்தான்" என்றாள் வினிதா.

மணிவேல் டீ வாங்கித் தந்தார். குடிக்கும்போது போனைப் போட்டாள். தவறிய அழைப்புகள் பதினாறு. பன்னிரண்டு குருமூர்த்தியுடையவை. நான்கு சுப்ரியாவுடையவை. குருமூர்த்தி ஆட்டத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வேறு எதுவும் எழுதவில்லை. ஆட்டம் கைவிடப்பட்டால் எழுத வேண்டிய கணக்கு என்று விதியில் ஒன்று இருக்கிறது. அதன்படி பத்தொன்பது, பன்னிரண்டு இரண்டையும் சிவப்பு மையால் அடித்து, எதிரணிக்கு இருபது, சூளகிரிக்குப் பூஜ்யம் என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளின் மேல் மூலையில் அவள் காலையில் போட்ட கையெழுத்து இருந்தது.

பிரதாப்பைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் அலுவலகத்திலேயே சத்தம் போட்டான். மகன் பள்ளிக்கூடம் போயிருக்கிறான், வந்ததும் சொல்கிறேன் என்றான். "என்னட்டி, சந்தோஷமா இல்லையா? குரலே எழும்ப மாட்டேங்குது."

"பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். அசதி."

"ஏன், சீட்டு கெடைக்கலையா?"

"கெடச்சது" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வினிதா வழக்கமான எட்டு மணி பஸ்ஸில் போய்ப் பள்ளியில் கையெழுத்துப் போட்டாள். வியாழக்கிழமைக்கு என்ன எழுதுவது, போட்டி என்றா கலந்தாய்வு என்றா என்று சரோஜம்மாள் கேட்டார். கலந்தாய்வு என்று எழுதச் சொன்னாள். காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் நம் அணி மாநில அளவில் இரண்டாமிடம் பெற்றது என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். போட்டி அமைப்பாளர்கள் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள், பதிலை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று பிறகு அவளிடம் தனியாகச் சொன்னார். மாறுதல் கிடைத்ததற்கு வாழ்த்தும் சொன்னார். குருமூர்த்தி விடுப்பில் இருந்தார். இரண்டாவது பீரியட் பத்தாம் வகுப்பு பி பிரிவு. அணியில் நான்கு பேர் அந்த வகுப்பு. அவள் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து வணக்கம் மிஸ் என்றார்கள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்கள். அனிதா நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். ஒரு துணிக்கடைப் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதில் துவைத்து மடித்த புடவையும் அடையாள அட்டையும் இருந்தன. ஒளி விலகல் பாடம் நடந்தது. வரைபடம் போட்டாள். பார்த்து எழுதினார்கள். சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டாள். யாருக்கும் இல்லை. சுப்ரியா தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்டாள். போ என்றாள். மணி அடிக்கும்வரை அவள் திரும்பி வரவில்லை. மதியத்துக்கு மேல் எட்டாம் வகுப்புக்கு இரண்டு பீரியட் இருந்தன. நாலு நாற்பது பஸ்ஸில் ஓசூருக்குப் போனாள்.